அக்னி மூலையில் ஒரு படகு

8 செப்டம்பர் 2025, திங்கள்

போதும். இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் ஸ்வீடன்காரர் மௌனம் பழகுவதற்காக ஏழு கடல் தாண்டி வந்து செங்கம் சாலையில் தங்கியிருக்கிறார். படியிறங்கி வந்திருந்தால் நானே கற்றுக்கொடுத்திருப்பேன். கல்லூரியை விட்டு வந்த நாளிலிருந்து வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்?

இன்றைய பேப்பரில் மூன்றாம் பக்கம். கோதண்டராமன் சிரிக்கிறான். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெரியேரிக்கு வெள்ள மீட்புப் படகு வந்திருக்கிறது. பின்புறம் மாட்டும் நாற்பது குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார். ‘தொழில்நுட்ப ஆலோசகர்: பொறியியல் கல்லூரி முதல்வர் முனைவர் கோதண்டராமன்.’ மோட்டாரின் தலைமேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறான், மணமகனை ஆசீர்வதிப்பதைப் போல. அவன் வாழ்க்கையில் தொட்ட முதல் மோட்டார் அதுவாகத்தான் இருக்கும்.

நான் நாகப்பட்டினத்தில் ஆறு வருடம் அவுட்போர்டு சர்வீஸ் இன்ஜினீயராக உப்பிலும் மீன் செதிலிலும் கிடந்தவன். பிறகு இதே கல்லூரியில் இன்ஜின் ஆய்வகத்தை ஒவ்வொரு போல்ட்டாகக் கட்டினேன். திறப்பு விழாக் கல்வெட்டில் பந்தல் போட்டவர் வரைக்கும் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. கேட்டதற்கு, ‘கல்லுல இடம் பத்தல பரசுராமன்’ என்றான் இந்தக் கோதண்டராமன். அப்போது அவன் துறைத் தலைவர். இப்போது முதல்வர். நான் இப்போது மாடி வாடகை வாங்குபவன்.

கலெக்டருக்கு எழுதப்போகிறேன். நான்கு பக்கம். கீழே முழுப் பெயர், எல்லாப் பட்டங்களோடும்.

9 செப்டம்பர்

மனைவி வள்ளி சொன்னாள்: “பட்டத்த எழுதவே ரெண்டு பக்கம் ஆயிடும். விஷயத்த எங்க எழுதுவீங்க?”

எழுதவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

பெரியேரியில் இன்று படகு வெள்ளோட்டம். போகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். கரையில் நின்றபோதும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் அக்கரைப்பட்டு. அங்கேதான் என் அக்கா ரேணுகாம்பாள் இருக்கிறாள். அவள் மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டார்கள். பத்திரிகையில் தாய்மாமன் இல்லாத மஞ்சள் நீராட்டை இந்த ஜில்லாவில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? அன்று நின்றது பேச்சு. பதினாலு வருஷம். ராமனே காட்டிலிருந்து திரும்பியிருப்பான். எனக்குப் பாதுகையைக் கேட்கவும் ஒரு பரதன் வரவில்லை.

படகைப் பற்றி. பத்துப் பேரை ஏற்றினார்கள். மோட்டாரின் கைப்பிடியைத் திருகினார்கள். மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்புறம் தண்ணீரில் உட்கார்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது. அப்படியே ஏரியை உழுதுகொண்டு போயிற்று. ஓட்டுபவருக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரிந்திருக்காது. வானம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

கரையில் இரண்டு பெரியவர்கள்.

“எரும குட்டைலேர்ந்து எழுந்துக்குற மாதிரி எழுந்துக்குதுடா. ஆனா போவல.”

“துடுப்பு போட்டாலே போயிடும்பா. பெட்ரோலாவது மிச்சம்.”

மோட்டாரின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். முழு திருகிலும் அது ஓடவில்லை, முனகியது. ஒரு நல்ல மோட்டாரின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறான் அந்த முனைவர்.

எனக்கென்ன?

16 செப்டம்பர்

கல்லூரி அட்டெண்டர் தசரதன் போன் செய்தார். முதல்வர் அறையில் நடப்பது எல்லாம் இவருக்குத் தெரியும். இவருக்குத் தெரிந்தது எல்லாம் எனக்குத் தெரியும். நான் எதையும் கேட்பதில்லை. போனைத் துண்டிப்பதும் இல்லை.

மோட்டார் கம்பெனிக்காரர்கள் இரண்டு ப்ரொப்பெல்லர் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றின் பிட்ச் பதினொன்று, இன்னொன்று பதினைந்து. கோதண்டராமன் தன் ஜோசியரைக் கூப்பிட்டு எண் ராசி பார்த்திருக்கிறான். பதினொன்றைக் கூட்டினால் இரண்டு, சந்திரன், தேய்ந்து போகும். பதினைந்தைக் கூட்டினால் ஆறு, சுக்கிரன், ஓஹோ. “பெரிய நம்பரு, ஸ்பீடும் ஜாஸ்தி, ராசியும் ஜாஸ்தி” என்றானாம். இன்னொன்று இப்போது அவன் அறையின் கண்ணாடி அலமாரியில், கேடயங்களுக்கு நடுவில், ஷோவுக்கு நிற்கிறது.

பிட்ச் என்பது ராசியல்ல. ப்ரொப்பெல்லர் ஒரு முறை சுழன்றால் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. ஆள் ஏற்றாத சின்னப் படகு பதினைந்து அங்குலம் தாவும். பத்துப் பேரோடு தாவச் சொன்னால், ஜவ்வாது மலை ஏற்றத்தில் பஸ்ஸை டாப் கியரில் ஏற்றுகிற கதைதான். மோட்டார் தன் வேகத்தை எட்டாது, படகு தண்ணீர்மேல் எழும்பாது. பெரிய எண்ணைப் போட்டதால்தான் மெதுவாகப் போகிறது. இதை இரண்டாம் வருட மாணவனுக்குச் சொன்னால் புரிந்துகொள்வான். முனைவருக்குச் சொல்ல முடியாது.

இது போதாதென்று வாஸ்து. மோட்டாரும் பெட்ரோலும் நெருப்பு, நெருப்பு தென்கிழக்கில் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டுமாம். படகு கொட்டகையில் வடக்குப் பார்த்து நிற்கிறது. ஆகவே பெட்ரோல் டாங்கையும் பேட்டரியையும் பின்பக்கம் வலது மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஓட்டுபவர் உட்காருவதும் அதே மூலை. பிறகு ஏன் சாயாது?

படகு ஏரியில் திரும்பும்போது அக்னி மூலை எங்கே போகும் என்று தசரதனைக் கேட்டேன். “அத கேக்கத்தான் சார் எனக்கும் ஆச. ஆனா பென்ஷனுக்கு ஒரு வருஷம் இருக்கு” என்றார்.

21 செப்டம்பர், ஞாயிறு

வாசலில் ஒரு பெண் நின்றாள். அக்கா வயசில் குறைந்து வந்துவிட்டாளோ என்று ஒரு கணம் திகைத்தேன். அறிவுமதி. அந்த மஞ்சள் நீராட்டுப் பெண். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, மீட்புக் குழுவில் தன்னார்வலர். படகை ஓட்டியது இவள்தான்.

“ஹெல்மெட் போட்டுக்குனு நின்னீங்களே மாமா. அன்னைக்கே பாத்துட்டேன்.”

வள்ளி சிரிப்பை மறைக்கக் காபி போடப் போனாள்.

விஷயம் இது. அக்டோபர் பதினொன்றாம் தேதி அதிகாரிகள் முன்னால் செயல்விளக்கம். பத்துப் பேரோடு அக்கரைப்பட்டுக்குப் போய், கால் மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். இப்போது அரை மணிக்கு மேல் ஆகிறது. முடியாவிட்டால் இந்த ஏரிக்குப் படகு பொருந்தாது என்று எழுதி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அப்புறம் மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அக்கரைப்பட்டுக்குப் போகும் ரோடு முழுகும். போன கார்த்திகையில் முழுகியபோது, நிறைமாதமாக இருந்த இவள் அண்ணி அபிநயாவைக் கல்யாண அண்டாவில் உட்கார வைத்து, நாலு பேர் நீந்தித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நடு ஏரியில் அண்டா சுற்ற ஆரம்பித்துவிட்டதாம்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்?

“நீங்க வந்து சொன்னா சரியாயிடும்னு தோணுது மாமா.”

“உங்க முதல்வர் வந்து கேக்கட்டும்.”

“அவரு எங்க முதல்வர் இல்ல. உங்க முதல்வர்.”

“பத்திரிகைல பேரு இல்லாதவன் எந்த உரிமைல வந்து சொல்றது?” — கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவள் காபியைக் கீழே வைத்தாள். “எனக்கு அப்ப பதிமூணு வயசு மாமா. பத்திரிகைக்கு நான் ப்ரூஃப் பாக்கல.”

போகும்போது படகு ஓடும் வீடியோவை என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனாள். சத்தத்தோடு.

22 செப்டம்பர்

வள்ளி: “அந்த மோட்டார் முனகுறத நிறுத்துங்க. இல்ல ஏரிக்குப் போய் நிறுத்துங்க. வீட்டுல ஏற்கனவே ஒண்ணு முனகிக்கினு இருக்குது.”

1 அக்டோபர், ஆயுத பூஜை

அறிவுமதி போன். பாதி அழுகை, பாதி சிரிப்பு.

படகுக்கு வாழைமரம் கட்டி, ப்ரொப்பெல்லர் இறக்கை ஒவ்வொன்றிலும் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கப் படகுக்குச் சக்கரம் இல்லையே? ஒரு கணம் எல்லோரும் யோசித்திருக்கிறார்கள். டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் நாலு வைத்தார்கள். ‘டிரெய்லருக்கு ஆச்சு, படகுக்கு?’ என்று கேட்டிருக்கிறான் கோதண்டராமன். அதற்காக மோட்டார் கழுத்தில் எலுமிச்சை மாலை. நைலான் கயிற்றில். அதோடு தண்ணீரில் இறக்கித் திருகினார்கள். கயிறு ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டது. பத்தடி போய் நின்றது. பழங்கள் மட்டும் மிதந்து கரை சேர்ந்தனவாம்.

“கயிற எடுக்கணும்னா ப்ரொப்பெல்லர கழட்டணும் இல்ல மாமா?”

“கழட்டணும். எடுக்கலன்னா உள்ள எண்ணெய் சீல அறுத்துடும். தண்ணி உள்ள போயிடும்.”

“எப்படிக் கழட்டறது?”

சொல்ல வாயெடுத்தேன். இரும்பால் ஒரு முறை தப்பாகத் தட்டினால் போதும், இறக்கை போயிற்று.

“தொடாத. யாரையும் தொட விடாத” என்றேன். என் குரல் எனக்கே பழைய குரலாகக் கேட்டது. ஆய்வகக் குரல்.

6 அக்டோபர், பௌர்ணமி

கோதண்டராமன் எந்தப் பௌர்ணமியிலும் கிரிவலத்தை விடமாட்டான். பக்தி உண்டு, மறுக்கவில்லை. போட்டோ எடுக்க இரண்டு பேரும் உண்டு. அடி அண்ணாமலையைத் தாண்டும்போது ஒரு படம், முடிக்கும்போது ஒரு படம். ஆக, மத்தியானம் நடக்க ஆரம்பித்தால் இருட்டும் வரை அவன் மலையைச் சுற்றிக்கொண்டிருப்பான். செங்கம் சாலையில் தடுப்பு போடுவதற்கு முன்னால் நான் ஊரை விட்டுக் கிளம்பினேன். ஊரே மலைக்கு வரும் நாளில் ஏரிக்குப் போன ஒரே ஆள் நான்தான்.

கொட்டகையில் தசரதன் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார், குழந்தையைப் போல. அலமாரியில் இருந்த பதினொன்று. “தூசி தட்ட எடுத்தேன் சார். தட்டிட்டு வெச்சிடணும்” என்றார்.

அறிவுமதியும் மீட்புக் குழுவில் மூன்று பேரும் இருந்தார்கள். முதலில் கயிற்றை எடுத்தேன். சீல் தப்பியிருந்தது. பதினைந்தைக் கழற்றிப் பதினொன்றை மாட்டினேன். பிறகு உயரம். ‘ஆழமா இருந்தா பிடி நல்லா இருக்கும்’ என்று மோட்டாரைக் கடைசித் துளைக்கு இறக்கி வைத்திருந்தார்கள். ஆணியா அடிக்கிறார்கள், ஆழமாக இறக்க? ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாக வர வேண்டும். கீழே போனால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டுதான் ஓடும். நாலு பேர் தூக்கிப் பிடிக்க, மேல் துளையில் போல்ட் போட்டேன். சாய்வுக் கம்பியை ஒரு துளை உள்ளே தள்ளினேன், மூக்கு இறங்க. கடைசியாக டாங்கையும் பேட்டரியையும் அக்னி மூலையிலிருந்து பெயர்த்து நடுவில் முன்பக்கமாக வைத்தேன். வானம் இடிந்து விழவில்லை.

சோதிக்கப் பத்துப் பேர் வேண்டும். களையெடுத்துவிட்டு அக்கரைப்பட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களை அறிவுமதி கூப்பிட்டு வந்தாள். ஒன்பது பேர் ஆயிற்று. பத்தாவதாக வந்து நின்றவள் அக்கா. தலை பாதி நரைத்துவிட்டது.

“அறிவு, அந்த ஆள கேளு. நடுவுல உக்காரணுமா, ஓரத்துலயா?”

அந்த ஆள் நான். மூன்றடி தூரத்தில் நிற்கிறேன்.

“நடுவுல உக்காரச் சொல்லு” என்றேன் அறிவுமதியிடம். “ஆடாம.”

“நான் ஆடுறவ இல்லன்னு சொல்லு. ஆடுனது யாருன்னு ஊருக்கே தெரியும்.”

“அம்மா, மொதல்ல உக்காரு.”

நானும் ஏறி டாக்கோமீட்டர் அருகில் உட்கார்ந்தேன், அறிவுமதி திருகினாள். முதலில் மூக்கு கொஞ்சம் எழுந்தது. பிறகு மெல்லத் தணிந்தது, முழுப் படகும் தண்ணீருக்கு மேலே வந்தது. முனகல் போய்விட்டது. சத்தம் ஒரே சீராக, மெல்லிசாக, தையல் மெஷின்போல. டாக்கோமீட்டரில் நிமிடத்துக்கு ஐயாயிரத்து முந்நூறு சுற்று, என் கணக்குக்கு நூறு கூட. இத்தனை நாள் நாலாயிரத்து இருநூறைத் தாண்டியிருக்காது. என் கணக்குக்கு நூறு கூட. படகில் இருந்த பெண்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா பிடித்துக்கொள்ளவில்லை, நேராக உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் சைக்கிள் கேரியரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

போய்த் திரும்பப் பன்னிரண்டு நிமிடம்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு பார்த்தால், படகின் நடுவில் ஒரு பை. வேகவைத்த மல்லாட்டை, எங்கள் ஊர் வேர்க்கடலை, இன்னும் சூடு ஆறாமல். யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. யார் வைத்தது என்றும் சொல்லவில்லை. வண்டியில் வரும்போதே பாதி தின்றுவிட்டேன்.

தசரதன் அலமாரியில் பதினைந்தை வைத்துவிட்டார். இரண்டும் கறுப்புதான். எண் அடியில் பொறித்திருக்கிறது. குனிந்து படித்தால்தான் தெரியும். கோதண்டராமன் குனிய மாட்டான்.

11 அக்டோபர்

ஜெயித்தாயிற்று. படகு இங்கேயே இருக்கும். அறிவுமதி போனில் கத்தியதில் மாடியில் ஸ்வீடன்காரரின் தியானம் கலைந்திருக்கும். அவருக்கும் ஒரு நாள் நல்லது நடக்கட்டும்.

12 அக்டோபர், ஞாயிறு

பேப்பர். மறுபடியும் மூன்றாம் பக்கம், மறுபடியும் அந்தக் கை மோட்டாரின் தலைமேல்.

‘எண் ராசி பார்த்துத் தேர்ந்தெடுத்த பதினைந்தே வேகத்துக்குக் காரணம். நவீனப் பொறியியலும் மரபு ஞானமும் கைகோத்த வெற்றி — முனைவர் கோதண்டராமன்.’

கைகோத்ததாம். பதினைந்து அவன் அலமாரியில் கேடயங்களோடு கைகோத்துக்கொண்டு நிற்கிறது!

அந்த நான்கு பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். ப்ரொப்பெல்லரை மாற்றியவன் நான், உயர்த்தியவன் நான், நான், நான். இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். கடைசியில் அறிவுமதிக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

“நல்லா இருக்கு மாமா. இத குடுத்தீங்கனா, யாரு கொட்டகைய திறந்து விட்டதுன்னு கேப்பாங்க. படகு என் கைய விட்டுப் போயிடும். தசரதன் அண்ணனுக்குப் பென்ஷன் போயிடும். உங்க பேரு பேப்பர்ல வரும்.”

கிழித்தேன்.

அவனுக்கு மாலை. எனக்கு அரைப் பை மல்லாட்டை. ஏன் எப்போதும் இப்படியே நடக்கிறது?

14 அக்டோபர்

தசரதன் போன். குரலில் சிரிப்பு இல்லை.

இன்னும் நான்கு ஏரிகளுக்கு இதே படகு, இதே மோட்டார் வருகிறது. எல்லாவற்றுக்கும் பதினைந்து, எல்லாவற்றுக்கும் அக்னி மூலை என்று கோதண்டராமன் பரிந்துரைத்துவிட்டான். ‘பெரியேரியில் நிரூபிக்கப்பட்டது’ என்று அடிக்குறிப்போடு.

அதாவது நான் நிரூபித்துக் கொடுத்தது. திருட்டுத்தனமாக நான் சரி செய்ததுதான் இனி நான்கு ஏரியில் நான்கு படகைக் கெடுக்கப்போகிறது. அங்கேயும் அக்கரை உண்டு. அங்கேயும் கல்யாண அண்டா இருக்கும்.

அந்த ஊர்க்காரர்களுக்கு என் பெயரோடு எழுதினால்? அடுத்த நாளே அவனுக்குப் போய்ச் சேரும். ‘ஓ, பரசுராமனா? அவருக்கு எங்கமேல கொஞ்சம் வருத்தம்’ என்பான், அந்தச் சிரிப்போடு. அத்தோடு முடிந்தது. பதினொன்றைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், என் வருத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். முப்பது வருடமாக நானும் அதைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

15 அக்டோபர்

காலையில் முதல் மழை. மலை உச்சி தெரியவில்லை.

தபாலாபீசில் நான்கு அஞ்சலட்டை வாங்கி வந்தேன். ஒவ்வொரு ஏரிக்கும் அந்தப் படகை ஓட்டப்போகும் குழுவுக்கு ஒன்று. நான்கிலும் ஒரே வாசகம்:

‘பத்துப் பேரை ஏற்றுவதென்றால் பதினொன்று பிட்ச் ப்ரொப்பெல்லரை மாட்டுங்கள். பெட்டியில் கூடவே வரும். யாராவது அலமாரியில் வைக்கக் கேட்டால் பதினைந்தைக் கொடுங்கள். மோட்டாரின் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மூக்கு தூக்கினால் சாய்வுக் கம்பியை ஒரு துளை உள்ளே தள்ளுங்கள். டாங்க், பேட்டரி நடுவில், முன்பக்கமாக. முழு வேகத்தில் ஐயாயிரத்துக்குக் குறையாமல் சுழல வேண்டும். சந்தேகமிருந்தால் பெரியேரிக்குப் போய்ப் படகு ஓடுவதைப் பாருங்கள். பூஜைக்கு மாலை போட்டால் நூலில் கட்டிப் போடுங்கள், நைலான் வேண்டாம்.’

திருத்தி எழுதவே இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறிய கட்டுரை இதுதான்.

வள்ளி ஒன்றை எடுத்துப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“கீழ இடம் இருக்கே. பேரு போடலியா?”

இருந்தது. இரண்டு விரற்கடை. பட்டங்கள் இல்லாமல் எழுதினால் வசதியாகவே கொள்ளும்.

“இருக்கட்டும்” என்றேன்.

அவள் குடையை எடுத்து வாசலில் சாய்த்து வைத்தாள். மழை கொஞ்சம் விட்டதும் தெருமுனைப் பெட்டியில் நான்கையும் போட்டுவிட்டு வரவேண்டும்.